வண்டி புறப்படுமுன் வாங்கும் சீட்டு

நம் தந்தையார் தலைமுறையினர் ரயில்வே, தபால், கணக்கு அலுவலகம் என்று உத்தியோகம் தேடித் தமிழ்நாட்டை விட்டு நாகபுரிக்கு வந்தார்கள். அவர்கள் பார்த்த வேலை இன்னதென்று வீட்டிலுள்ள அனைவரும் அறிவர். இன்று நம் பிள்ளைகள் கணினித் தொழிலில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்யும் வேலை இன்னதென்று பெற்றோருக்கே விளங்குவதில்லை.

நம்மோடு பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், சங்கக் கூட்டம் முடிந்ததும் நம்மைத் தனியே அழைத்துத் தம் மனக்குறையைச் சொன்னார். அவருடைய மகன் இணையதளங்களுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில் திட்ட மேலாளர். “காலையில் காபி ஆறிப்போகிறது, அவன் கைப்பேசியில் தொழிற்செய்தி படித்துக்கொண்டிருக்கிறான். வேலையோ முடிந்தபாடில்லை. இன்னும் நாலு ஆளைப் போட்டு முடிக்கக் கூடாதா என்றால் சிரிக்கிறான். இதுவும் ஓர் உத்தியோகமா? நீயே சொல், தம்பி” என்றார். சற்றுப் பொறுத்து, “மூன்று மாதமாக நாங்கள் சரியாகப் பேசிக்கொள்வதில்லை” என்றும் மெல்லச் சொன்னார்.

பத்தாம் வகுப்புத் தேறிய ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் இத்துறைக்குப் புறத்தார். ஆயினும் அந்தப் பிள்ளையிடமே கேட்டும், வெளியான அறிக்கைகளைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை, இதே குறையுள்ள மற்றப் பெற்றோருக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

ஆறே பேர்

2013 அக்டோபர் 1-ஆம் தேதி அமெரிக்க அரசு, மக்கள் மருத்துவக் காப்பீடு தேர்ந்துகொள்வதற்காக ‘ஹெல்த்கேர்.கவ்’ என்னும் இணையதளத்தைத் திறந்தது. இலட்சக்கணக்கானோர் வந்து மோதினர். முதல் நாளில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் ஆறே பேர் என்று பின்னர் வெளியான அரசாங்கக் குறிப்புகள் காட்டின. வேலை பல ஒப்பந்தக்காரரிடம் பிரிந்து கிடந்தது. அவரவர் தம் பகுதியைச் செய்தனர். முழுவதையும் இணைத்துப் பார்க்கும் பொறுப்பு ஒருவரிடமும் தெளிவாக இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரையிலான சோதனை, திறப்பு விழாவுக்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் நடந்தது என்று ஒப்பந்தக்காரர்களே காங்கிரஸ் சபைக் குழுவின்முன் சாட்சி சொன்னார்கள். என்ஜினை ஓரிடத்திலும் பெட்டிகளை வேறிடத்திலும் செய்து, பிரயாணிகள் ஏறி அமர்ந்த பிறகு கோத்து ஓட்டிப் பார்ப்பது போலாயிற்று இது.

அதைச் சீர்செய்ய வந்தவர்களுள் ஒருவர் மைக்கி டிக்கர்சன் என்னும் பொறியாளர். நாள்தோறும் கூட்டம் கூட்டினார். அதற்கு அவர் வகுத்த விதிகள் மூன்று. கூட்டம் குறையைத் தீர்ப்பதற்கே, பழியைப் பிறர்மேல் போடுவதற்கு அன்று. பதவியில் பெரியவர் பேச வேண்டுவதில்லை. விஷயம் தெரிந்தவர் பேசட்டும். அடுத்த ஓரிரு நாளில் தீங்கு செய்யக்கூடியதை முதலில் கவனிக்க வேண்டும். டிசம்பர் தொடக்கத்திற்குள் நானூற்றுக்கு மேற்பட்ட திருத்தங்கள் செய்யப்பட்டுத் தளம் நடமாடத் தொடங்கியது. அந்தப் பருவம் முடிவதற்குள், மாநிலங்கள் தனியே நடத்திய தளங்களையும் சேர்த்து, சுமார் 80 இலட்சம் பேர் காப்பீடு தேர்ந்துகொண்டனர்.

நாலு ஆள் போதுமா?

பெரியவர் சொன்ன யோசனைக்கும் பழைய விடை ஒன்று உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரியதொரு மென்பொருள் பணியை நடத்திய பிரெட் புரூக்ஸ் என்பவர், 1975-இல் வெளியிட்ட நூலில், தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் புது ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று எழுதினார். புதியவருக்குக் கற்பிக்கப் பழையவர் தம் வேலையை நிறுத்த வேண்டும். ஆள் கூடக்கூட, ஒருவரோடொருவர் கலந்து பேச வேண்டிய வழிகளும் பெருகும். ஐந்து பேருக்குள் அவ்வழிகள் 10; பத்துப் பேருக்குள் 45. மூட்டை இறக்க நாலு ஆள் கூடுதலாக வந்தால் நன்மைதான். மாதக் கணக்கை முடிக்கும் நாளன்று லெட்ஜரின்முன் புதுக் குமாஸ்தா ஒருவர் வந்து அமர்ந்தால் என்ன நேரும் என்பது பெரியவர் அறியாததன்று.

அச்சாயிற்று, கைக்கு வரவில்லை

இனிச் செய்தி படிக்கும் விஷயம். வழியில் பாதை வேலை நடந்தால், ரயில் ஓட்டுநருக்கும், 2022 முதல் ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர் மாறிய கார்டுக்கும் ‘காஷன் ஆர்டர்’ என்னும் எச்சரிக்கைச் சீட்டுத் தரப்படும். எந்தக் கிலோமீட்டர் முதல் எதுவரை, என்ன வேகம், என்ன காரணம் என்பன அதில் இருக்கும். ஓட்டுநர் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வார். நேற்று இருந்தபடியே பாதை இன்றும் இருக்கும் என்று நம்பி எவரும் வண்டியை எடுப்பதில்லை.

இணையதளத்தின் பாதையும் நாள்தோறும் மாறுவது. எந்த நிறுவனமும் தன் தளம் முழுவதையும் தானே எழுதுவதில்லை. பிறர் எழுதிப் பொதுவில் வைத்த பகுதிகளையும் சேர்த்தே கட்டுகிறது. அவற்றில் ஒன்றில் ஓட்டை தெரிந்தால் செய்தி வெளியாகும்; அதை அடைக்கும் திருத்தமும் வரும். அதே செய்தியைத் திருடனும் படிக்கிறான்.

2017 மார்ச் மாதம் ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ என்ற மென்பொருளில் ஓட்டை இருப்பதும் அதற்குரிய திருத்தமும் வெளியிடப்பட்டன. அமெரிக்க மக்களின் கடன் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்துக்குள்ளும் எச்சரிக்கை சுற்றுக்கு விடப்பட்டது. ஆனால் அதை அனுப்பிய பெயர்ப் பட்டியல் பழையது. திருத்தத்தைச் செய்ய வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை என்று அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகம் 2018-இல் அறிக்கை தந்தது. மே மாதம் புகுந்த திருடர்கள் ஜூலை இறுதி வரை உள்ளேயே இருந்தனர். சுமார் 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின. சீட்டு அச்சாயிற்று, ஓட்டுநர் கைக்கு வரவில்லை.

ஆகவே அந்தப் பிள்ளை செய்தி படிப்பது பொழுதுபோக்கு அன்று, கடமையே. ஆயினும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல் உண்டு. எச்சரிக்கைச் சீட்டில் இந்தியா முழுவதிலுமுள்ள பாதை விவரம் இராது. அந்த வண்டி போகும் வழி மட்டுமே இருக்கும். எந்த நிறுவனத்தை எவர் வாங்கினார், எந்தப் புதுக் கருவி வந்தது என்பன ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கும். ஓட்டை விழுந்த செய்தி ஒரு நாளும் காத்திராது. பழைய மென்பொருளொன்று நின்றுபோகப் போகும் செய்தியைக் குறித்து வைத்தல் வேண்டும்: ‘ஃபிளாஷ்’ 2020 முடிவில் நின்றுவிடும் என்பதை அடோபி நிறுவனம் 2017-லேயே அறிவித்துவிட்டது. தம் தளம் எந்தெந்தப் பகுதிகளால் ஆனது என்று பட்டியல் எழுதி வைத்திருப்பவருக்கு, எந்தச் செய்தி தமக்குரியது என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். மிச்சப் பொழுது வீட்டாருக்கு உரியது.

இவற்றைப் பெரியவரிடம் சொன்னபோது, பழைய ரயில்வேக்காரராகிய அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “சரி, அந்தச் சீட்டுக்கு அவனிடம் கையெழுத்து வாங்குவது யார்?” நமக்கு விடை தெரியவில்லை. மகனையே கேட்கும்படி சொல்லி அனுப்பினோம்.

சென்ற ஞாயிறன்று அவரைக் கடைவீதியில் கண்டோம். கேட்டாராம். மகன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, “எங்களிடம் அப்படி ஒருவரும் இல்லை, அப்பா” என்றானாம். பிறகு இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். மறுநாள் அலுவலகத்தில், எச்சரிக்கை வந்தால் இன்னார் பெற்றுக்கொண்டேன் என்று எழுதித் தரவேண்டும் என்னும் ஏற்பாட்டை அவன் செய்திருக்கிறான்.

நம் பிள்ளைகளின் தொழில் நமக்குப் புதிதாயிருக்கலாம். பொறுப்பு என்பது நமக்குப் புதிதன்று. அதைப் பற்றி அவர்களைக் கேட்போமாக.