ஓட்டோ கியர் வாகனத்தில் எரிபற்றல் நேரம்: கியர்பெட்டியைக் குறை சொல்லுமுன்...

2020ஆம் ஆண்டு மார்ச்சில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்கள் மீண்டும் வர அனுமதி கிடைத்தது. இந்த இடைவெளியில் 1990களில் செய்யப்பட்ட கார்களும் வான்களுமே பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தன, இன்றும் கைகொடுக்கின்றன. இவற்றுள் கணிசமானவை, கிளச் மிதி இல்லாத ஓட்டோ கியர் வாகனங்கள். இவற்றின் எஞ்சினில் ரைமிங் பிழைத்தால், அந்தப் பழி பெரும்பாலும் கியர்பெட்டியின் மீதே விழுகின்றது. சில நிமிட வேலையால் தீரக்கூடிய குறைக்காகக் கியர்பெட்டியைக் கழற்றிப் பெருந்தொகை செலவிட்டவர்கள் உண்டு. எனவே ரைமிங் வைப்பது எப்படி என்பதையும், ஓட்டோ கியரில் அது எங்கே வேறுபடுகின்றது என்பதையும் நாம் இங்கு நோக்குவோம்.

ரைமிங் என்றால் என்ன?

சிலிண்டருக்குள் பெற்றோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் நெரித்துக்கொண்டு மேலே வருகின்றது. அது உச்சிக்கு வருமுன்னரே பிளக்கில் பொறி விழ வேண்டும். ஏனெனில் கலவை ஒரே கணத்தில் எரிந்து முடிவதில்லை. பிஸ்டன் உச்சியைக் கடந்து கீழே இறங்கத் தொடங்கிய சற்று நேரத்தில் அமுக்கம் ஆகக் கூடுதலாக இருந்தாற்றான் முழுப் பலமும் கிடைக்கும். கராஜ்களில் இந்த உச்ச நிலையை 'டொப்' என்பர். டொப்பிற்கு எத்தனை பாகை முன்னதாகப் பொறி விழுகின்றது என்பதே ரைமிங்.

1990களின் கொரோலா, கரினா கார்களில் பரவலாகக் காணப்படும் 4ஏ-எப்.ஈ., 5ஏ-எப்.ஈ. எஞ்சின்களுக்கு அடிப்படை ரைமிங் டொப்பிற்கு முன் 10 பாகை. எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்று சுற்றும்போது இந்த 10 பாகையைக் கடக்க ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கு செல்லும். 3000 சுற்றில் அந்த நேரம் ஆயிரத்தில் அரைப் பங்காகக் குறைந்துவிடும். ஆகவே வேகம் கூடக்கூடப் பொறியும் முந்த வேண்டும். பழைய எஞ்சின்களில் இதனை டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் எடைகளும் வக்யூம் குழாயும் செய்கின்றன. பிந்தியவற்றில் கணினி செய்கின்றது. நாம் கையால் வைப்பது தொடக்கப் புள்ளியை மட்டுமே.

பொறி மிகவும் முந்தினால், ஏற்றத்தில் எஞ்சினிலிருந்து 'டிக் டிக்' என்று உலோகத்தில் தட்டுவது போன்ற நொக் சத்தம் எழும். நாளடைவில் பிஸ்டனும் ஹெட் காஸ்கற்றும் பழுதாகும். எரிபொருளும் இதில் சம்பந்தப்பட்டது. 1990களில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை வாசகர் பலர் அறிவர். மண்ணெண்ணெய்க்கு நொக்கைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. பொறி பிந்தினாலோ இழுவை குறையும், எஞ்சின் சூடேறும், பெற்றோல் வீணாகும்.

கியர்பெட்டி ஏன் பழி சுமக்கின்றது?

ஓட்டோ கியர்பெட்டி எப்போது அடுத்த கியருக்கு மாறுவது என்பதை, வாகனத்தின் வேகத்தையும் நாம் அக்சிலேற்றரை எவ்வளவு மிதிக்கின்றோம் என்பதையும் வைத்தே தீர்மானிக்கின்றது. ரைமிங் பிந்தி எஞ்சின் பலமிழந்தால், சாரதி தன்னையறியாமலே கூடுதலாக மிதிப்பார். கியர்பெட்டியோ, "அதிக பலம் கேட்கின்றார்" என்று எடுத்துக்கொண்டு கீழ்க் கியரிலேயே நிற்கும். வாகனம் இரையும், கியர் பிந்தி மாறும், கியர் எண்ணெயும் சூடேறும். சாரதி கராஜிற்குச் சென்று "கியர் மாறுதில்லை" என்பார். சொல்வது உண்மைதான், ஆனால் நோய் வேறிடத்தில்.

வேலையைத் தொடங்குமுன்

பிளக்குகள், பிளக் வயர்கள், டிஸ்ரிபியூற்றர் மூடி என்பவற்றைத் துப்புரவாக்கிப் பாருங்கள். பொயின்ற் உள்ள பழைய எஞ்சினாயின் முதலில் பொயின்ற் இடைவெளியைச் சரிசெய்யுங்கள்; அது மாறினால் ரைமிங்கும் மாறும். எஞ்சினை நன்கு சூடாக ஓடவிடுங்கள். ஏ.சி.யையும் விளக்குகளையும் அணைத்துவிடுங்கள்.

டொப்பைக் கண்டுபிடிப்பதில்தான் முதல் வேறுபாடு. கை கியர் வாகனத்தை மேற்கியரில் போட்டுத் தள்ளி எஞ்சினைச் சுற்றுவது எமது மெக்கானிக்குகளின் வழக்கம். ஓட்டோ கியரில் இது நடவாது. எஞ்சின் நிற்கும்போது கியர்பெட்டியின் எண்ணெய்ப் பம்பும் நிற்கும். எண்ணெய் அமுக்கம் இன்றி உள்ளேயுள்ள கிளச்சுகள் பிடிக்கமாட்டா. பற்றரி இறங்கினால் தள்ளி ஸ்ராட் செய்ய முடியாததும் இதனாலேயே. எனவே சாவியை எடுத்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் கப்பியின் நடு ஆணியைச் சாவிக்குறடால் எஞ்சின் சுற்றும் திசையில் திருப்புங்கள்.

என், பி, டி: எந்த நிலையில்?

இரண்டாவது வேறுபாடு கியர் பிடியின் நிலை. ஜப்பானிய வாகனங்களில் பொதுவாக நியூற்றலில், அதாவது 'என்' இல், ரைமிங் பார்ப்பர். 1970களின் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் 'டி' இல் பார்க்கும்படி பொனற்றின் கீழுள்ள ஒட்டுத்தாள் சொல்லும். 'டி' இல் போட்டதும் கியர்பெட்டியின் சுமை ஏறுவதால் எஞ்சினின் சுற்று குறைகின்றது. அந்தக் குறைந்த சுற்றில் டிஸ்ரிபியூற்றரின் எடைகள் விரியாமல் இருக்கும்போது அளந்த எண்ணையே அவர்கள் எழுதியுள்ளனர். ஒட்டுத்தாள் சொல்லும் நிலையும் சுற்றும் எவையோ, அவற்றிலேயே பாருங்கள். நிலையை மாற்றினால் எண்ணும் பொய்யாகும்.

உயிராபத்து இருப்பதும் இங்கேதான். 'டி' இல் நிற்கும் வாகனம், எஞ்சின் சற்று இரைந்தாலே பாயும். பொனற்றைத் திறந்து முன்னால் நின்றபடி கையால் அக்சிலேற்றர் கேபிளை இழுத்தால், வாகனத்திற்கும் சுவருக்கும் இடையில் நசுங்குவது இழுத்தவரே. ஆகவே பின்வருவனவற்றை ஒருபோதும் தவறவிட வேண்டாம்:

1. ஹாண்ட் பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

2. 'டி' இல் பார்க்க நேர்ந்தால், வாகனம் ஓட்டத் தெரிந்த ஒருவர் ஆசனத்தில் அமர்ந்து, வேலை முடியும்வரை பிறேக்கை மிதித்தபடி இருக்க வேண்டும். சிறுவரை அமர்த்த வேண்டாம்.

3. எவரும் முன்னால் நிற்க வேண்டாம். லைற்றைப் பக்கத்தில் நின்று பிடியுங்கள். 'டி' இல் எஞ்சினை இரைய வைக்க வேண்டாம்.

4. ரைமிங் லைற்றின் வெளிச்சத்தில் சுற்றும் கப்பியும் காற்றாடியும் அசையாமல் நிற்பது போலத் தோன்றலாம். தோற்றத்தை நம்பிக் கை நீட்ட வேண்டாம். சாரம், நீண்ட கைச்சட்டை, லைற்றின் வயர் என்பவற்றைத் தூர வையுங்கள்.

ரைமிங் வைத்தல்

ரைமிங் லைற்றின் கவ்வியை முதலாம் சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டுங்கள். வக்யூம் குழாய் உள்ள எஞ்சினில், கையேடு சொல்லுமாயின், அதைக் கழற்றி வாயை அடைத்துவிடுங்கள். மேலே கூறிய ரொயொட்டா எஞ்சின்களில், பொனற்றின் கீழுள்ள சோதனைப் பெட்டியில் 'ரி.ஈ.1', 'ஈ.1' என்னும் இரு முனைகளையும் சிறு வயரால் இணைக்க வேண்டும். இல்லையேல் கணினி தானாகவே பொறியை முன்பின் நகர்த்திக்கொண்டிருக்கும். பார்க்கும் எண் நிலையாக இராது.

இனி டிஸ்ரிபியூற்றர் ஆணியை, கையால் திருப்பக்கூடிய அளவிற்கு மட்டும் இளக்குங்கள். றோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும். கப்பியிலுள்ள வெட்டு, உரிய பாகைக்கு நேராக வந்ததும் ஆணியை இறுக்கி மீண்டும் ஒருமுறை பாருங்கள், இறுக்கும்போது நகர்வதுண்டு. பின்னர் வயரை எடுத்துவிட்டு, வக்யூம் குழாயைப் பூட்டுங்கள்.

ரைமிங் மாறியதும் எஞ்சினின் வெறுஞ்சுற்றும் மாறும். அதனையும் சரிசெய்யுங்கள். கூடுதலாக விட்டால் 'என்' இலிருந்து 'டி' இற்குப் போடும்போது வாகனம் குலுங்கும். அதற்கும் கியர்பெட்டியே பழி சுமக்கும்.

ஓடிப் பார்த்தல்

கை கியர் வாகனத்தை மேற்கியரில் மெதுவாக ஓட்டி, அக்சிலேற்றரை முழுதாக மிதித்து நொக் கேட்கின்றதா என்று பார்ப்பது வழக்கம். ஓட்டோ கியரில் முழுதாக மிதித்தால் கியர்பெட்டி கீழ்க் கியருக்கு இறங்கிவிடும். எஞ்சின்மீது சுமை குறைவதால் நொக் மறைந்துபோகும். எனவே ஏற்றமான வீதியில், கியர் இறங்காத அளவிற்குப் பாதி மிதித்து, காதை எஞ்சினில் வைத்துக் கேளுங்கள். பிறேக்கை மிதித்தபடி எஞ்சினை இரைய வைத்துச் சோதிப்பதைத் தவிருங்கள். சில செக்கன்களிலேயே கியர் எண்ணெய் கடுமையாகச் சூடேறத் தொடங்கும்.

டிஸ்ரிபியூற்றர் இல்லாத பிந்திய வாகனங்களில் ரைமிங் முழுவதும் கணினியின் பொறுப்பு. கையால் திருப்ப எதுவுமில்லை. அவற்றில் நொக் கேட்டால் உணர்கருவிகளையும் எரிபொருளையும் பரிசோதிக்க வேண்டும்.

கராஜ் நடத்துவோரிடமும் தொழில் பழகும் இளைஞரிடமும் நாம் வேண்டுவது இதுவே. கியர்பெட்டியைக் கழற்றுமுன் ரைமிங் லைற்றை எடுங்கள். பார்த்த பாகை, சுற்று, கியர் பிடி நின்ற நிலை ஆகிய மூன்றையும் கொப்பியில் எழுதி, வாகனச் சொந்தக்காரருக்கும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அந்த வாகனம் யாரிடம் போனாலும் அத்துண்டு வழிகாட்டும். ஒரு குடும்பத்தின் உழைப்புப் பணம் வீண் செலவிலிருந்து தப்பும்.