வாளியில் பிடித்த காற்று

பொத்தேரி ரயில் நிலையத்தில் தினமும் இறங்கும் மாணவர்களில் சிலர் ஆய்வுக்காகச் சேரிப் பக்கமும் வருவதுண்டு. குழாய் நீரைப் பாட்டிலில் பிடிப்பார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்பார்கள். நம் பெண்களும் கைவேலையைப் போட்டுவிட்டுப் பதில் சொல்வார்கள். அந்த நீரில் என்ன இருந்தது என்ற சேதி மட்டும் பெரும்பாலும் நமக்குத் திரும்பி வருவதில்லை.

வேறுவிதமாகவும் ஆய்வு நடந்திருக்கிறது. கடலூர் சிப்காட் ஆலைகளைச் சுற்றியுள்ள ஈச்சங்காடு, செம்மங்குப்பம் போன்ற ஊர்களில் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் வாடிக்கையாக இருந்தன. புகார் கொடுத்தால், அதிகாரி வருவதற்குள் காற்று திசை மாறி வாடை போய்விடும். ஆதாரம் இல்லாமல் மக்கள் நிற்பார்கள்.

2004இல் ஊர்மக்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். சுவேதா நாராயண் போன்ற இளம் ஆர்வலர்கள் உடன் நின்றார்கள். எத்தனை மணிக்கு, எந்தத் திசைக் காற்றில், என்ன வாடை, உடம்பை என்ன செய்தது என்று குறித்துவைத்தார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை இருக்கும். வாளியின் காற்றை உறிஞ்சி வெளியேற்றினால், வெளிக்காற்று அந்தப் பைக்குள் நிறையும். இப்படிப் பிடித்த காற்று அமெரிக்க ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது. 22 வேதிப்பொருட்கள் இருந்தன. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் கேள்வி கேட்டார்கள்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. நம் தண்ணீரைச் சோதிக்க நாம் ஏன் அதுவரை காத்திருக்க வேண்டும்?

ஜல் ஜீவன் திட்டத்தில், ஒவ்வொரு கிராமத்திலும் 5 பெண்களுக்குக் குடிநீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார்? காலனிப் பெண் ஒருவராவது அதில் இருக்கிறாரா? காலனித் தொட்டியின் நீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

நம் வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாக ஆய்வுக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: முடிவைப் பேராசிரியரிடம் கொடுப்பதோடு நிற்காதீர்கள். நல்ல தமிழில் எழுதி, பதில் சொன்ன அக்காக்களிடம் வாசித்துக் காட்டுங்கள். சோதிக்கும் முறையையும் அங்கேயே கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

1927இல் மகாட் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரள்ளிக் குடித்தது, பொதுநீரைப் பருகும் உரிமைக்காக. அந்த நீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதும் அதே உரிமைதான்.