தலைவன் திறனும் துணைவன் திறனும்

தலைவன் ஒருவனே எல்லாம் வல்லவனாயின் துணைவனுக்குக் கதையில் இடமில்லை. துணைவனே மிக வல்லவனாயின் தலைவன் தலைவனாகான். இக்காலக் கணிப்பொறிக் கதைவிளையாட்டுகளை அமைப்போர் எதிர்கொள்ளும் இச்சிக்கலுக்குத் தெருக்கூத்து முன்னரே ஒரு தீர்வு கண்டுள்ளது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் திரௌபதியம்மன் விழாக்களின்போது இரவு முழுதும் பாரதக் கூத்து நிகழும். அதில் கர்ணன் போன்ற தலைவன் மரத்தாலான முடியும் தோளணியும் தாங்கி ஆடுகிறான், விருத்தம் பாடுகிறான். கட்டியக்காரனுக்கோ அணிச்சுமை இல்லை. அவன் தலைவனை வினவி அவையோர்க்கு அறிவிக்கிறான். பாட்டின் பொருளைப் பேச்சு வழக்கில் விளக்குகிறான். காவலனாகவும் தூதனாகவும் மாறுகிறான். அரசனையே எள்ளி நகைக்கிறான். அவ்வேளையில் தலைவன் மூச்சுவிட இடம் பெறுகிறான். எனவே ஈண்டுச் சமநிலை என்பது திறனின் அளவை ஒப்பாக்குவதன்று. அதன் வகையைப் பிரித்தளிப்பதேயாம்.

அச்சிட்ட கூத்து நூல்கள் பெரும்பாலும் பாட்டையும் விருத்தத்தையுமே பேணுகின்றன. கட்டியக்காரனின் பேச்சோ களத்திலேயே தோன்றிக் களத்திலேயே மறைகிறது. நூலை மட்டும் கொண்டு ஆராய்வோர் துணைவனைச் சிறுபாத்திரம் எனப் பிழைபட முடிவு செய்வர். ஆதலின் ஆடுகளத்து உரையையும் பதிவுசெய்து ஆராய்தல் கூத்தாய்வாளர் கடனாகும்.