மலையடிவாரத்து ஊரின் உயரம்

ஊரில் பணம் எவ்வளவு புழங்குகிறதோ அவ்வளவு உயரமாகக் கட்டடங்கள் எழும் என்று நினைக்கிறோம். வேலூருக்கு அந்தக் கணக்கு சரிப்பட்டு வராது. இங்கே கட்டடத்தின் உயரத்தைத் தீர்மானித்தது உள்ளே நடக்கும் வேலை. யார் யாருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற தேவை. 16-ஆம் நூற்றாண்டில் சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டையையே பாருங்கள். 133 ஏக்கரில் பரந்து கிடக்கும் அந்தக் கருங்கல் கோட்டைக்கு உயரத்தைவிட அகழிதான் பலம். கிழக்கே மலைகள் நிற்க, மதிலை எத்தனை அடி உயர்த்தி என்ன பயன்? 1677-78 முற்றுகையில் மராட்டியப் படை அந்தக் குன்றுகளில்தான் சஜ்ரா, கோஜ்ரா என்ற அரண்களை எழுப்பிக்கொண்டது. உள்ளே 100 அடிக்கு மேல் நிமிர்ந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் ராஜகோபுரமோ, கோயில் ஆயுதக் கிடங்காகிப் போனபின் மூலவரும் பூசையும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நின்றது. சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்பி வந்தது 1981 மார்ச்சில்தான்.

இன்று ஊரில் மாடிகள் நெருக்கியடிக்கும் இடம் சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையைச் சுற்றிய பகுதி. 1900-இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது, 1902-இல் 40 படுக்கை கொண்ட ஷெல் மருத்துவமனையாகி, 1920-களில் தோட்டப்பாளையத்துக்குப் பெயர்ந்தது. அப்போது தாராளமாக இருந்த மனை இப்போது போதவில்லை. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்க வேண்டும். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு மாலையில் ரிப்போர்ட் வாங்க நடந்தே போய்வர வேண்டும். அதனால்தான் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் குறுகிய மனைகளில் லாட்ஜுகள் மாடிமேல் மாடியாக ஏறின. பெயர்ப்பலகையில் வங்காள எழுத்து, அறையில் சமைத்துக்கொள்ள வாடகைக்கு அடுப்பும் பாத்திரமும். காட்பாடியிலிருந்து வரும் டவுன் பஸ் இந்த நெரிசலைத் தாண்டி பாகாயத்தில் போய் நிற்கும்போது காட்சியே மாறிவிடுகிறது. அதே சி.எம்.சி.யின் கல்லூரி 1932-இல் அங்கே குடியேறியது. தாழ்ந்த கல் கட்டடங்கள், நீண்ட தாழ்வாரங்கள், நடுவே தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் தோட்டம். 1957-இல் வந்த மனநல மையம் நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தது. 1966-இல் மறுவாழ்வு நிலையம் வந்தது. சக்கர நாற்காலியில் நடமாடப் பழகுகிறவருக்குச் சமதரையைவிட நல்ல கட்டடக்கலை ஏது? நிர்வாகம் ஒன்று, ஊருக்குள் ஒரு வடிவம், பாகாயத்தில் வேறு வடிவம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நீளும் தோல் தொழிலின் பணம் எங்கே போனது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தோல் பதனிடும் வேலை தரையோடு நடப்பது. சுண்ணாம்புத் தொட்டி, சுழலும் பீப்பாய், சொட்டச் சொட்டக் கனக்கும் ஈரத்தோல். இவற்றை யாரும் மாடியேற்ற மாட்டார்கள். ஆகவே அந்தத் தொழில் பாலாற்றங்கரையை ஒட்டி நீளநீளக் கொட்டகைகளாகப் படர்ந்தது. லாபத்தில் ஒரு பங்கு பள்ளிவாசல்களுக்கும், வாணியம்பாடியில் 1919-இல் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரி போன்றவற்றுக்கும் போனது. (ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் அதே தொழில் வைத்த கணக்கு தனி.) 2007-இல் திருமலைக்கோடியில் எழுந்த பொற்கோயிலும் சுமார் 1500 கிலோ தங்கத்தைக் கிடைமட்டமாகத்தான் காட்டுகிறது, நட்சத்திர வடிவப் பாதையில் சுற்றிச்சுற்றி நடந்தால்தான் சன்னிதி வரும்.

சட்டம் கட்டிப்போட்டதால்தான் ஊர் தாழ்ந்திருக்கிறது என்பது இன்னொரு வாதம். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று 2010-இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்வது உண்மை. கோட்டையை ஒட்டிய தெருக்களுக்கு அது பொருந்தும். ஆனால் அந்த எல்லைக்கு வெகுதூரம் தள்ளியுள்ள பாகாயத்தையும் பாலாற்றுக்கு அக்கரையில் இருக்கும் காந்தி நகரையும் எந்தச் சட்டம் தடுத்தது? என் வாதத்துக்கு உண்மையில் இடறலாக நிற்பது 2022-இல் ராணிப்பேட்டை மாவட்டத்தில் நெடுஞ்சாலையோரம் திறக்கப்பட்ட சி.எம்.சி.யின் புதிய வளாகம். இடம் தாராளமாக இருந்தும் அங்கே பல மாடி. விபத்தில் அடிபட்டு வருகிறவரை ஸ்கேனுக்கும் அறுவை அரங்குக்கும் தீவிர சிகிச்சைக்கும் நிமிடக் கணக்கில் நகர்த்த வேண்டிய மருத்துவத்துக்கு நீண்ட தாழ்வாரத்தைவிட லிஃப்ட்தான் விரைவு. மனையின் நெருக்கடி மட்டும்தான் மாடியைக் கூட்டும் என்று சொல்லிவிட முடியாது.