முதுமாணி ஆய்வு கரை சேர வேண்டுமானால்...

வைத்தியர்களாகவும் தாதியர்களாகவும் பணிபுரியும் நமது சகோதரிகள் பலர், கடமைக்கும் குடும்பத்துக்கும் நடுவே மருத்துவ முதுமாணிப் பட்டமும் படிக்கின்றனர். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 1980ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது; இத்தகைய படிப்புக்கு அது நாட்டிலேயே வழி செய்கிறது. ஆனால் விரிவுரைகள் முடிந்து, பரீட்சையும் சித்தியடைந்த பின்னர், ஆய்வேடு மட்டும் அலுமாரிக்குள் அரைகுறையாகக் கிடப்பதுண்டு. அது ஏன்?

கேள்வி சிறியதாக இருக்கட்டும்

"நீரிழிவு பற்றி ஆராயப் போகிறேன்" என்பது கடலை அளக்கப் புறப்படுவது போன்றது. கர்ப்ப காலத்தில் நீரிழிவு ஏற்பட்ட தாய்மார், பிரசவமாகி 6 முதல் 12 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி மீண்டும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். குழந்தையைக் கவனிக்கும் அலுவலில் பல தாய்மார் இதைத் தவறவிட்டு விடுகின்றனர். ஒரு கிளினிக்கில் எத்தனை பேர் வரவில்லை, என்ன காரணத்தால் வரவில்லை என்று கேட்டால், அது முடிக்கக்கூடிய ஆய்வு. தாய்மாருக்குப் பயன்படும் ஆய்வும் கூட.

எத்தனை பேரிடம் கேட்பது? பல ஆய்வேடுகளில் 384 என்ற எண்ணைக் காணலாம். ஒரு விடயம் எத்தனை வீதத்தினரிடம் உள்ளது என்பதை, 5 வீத வழு எல்லையுடனும் 95 வீத நம்பகத்துடனும் அறியும் கணக்கில் வருவது அது. எல்லா ஆய்வுக்கும் அது பொருந்தாது. எனவே புள்ளிவிபரவியலாளரைத் தகவல் திரட்டும் முன்பே நாட வேண்டும். சமையல் முடிந்த பிறகு உப்பின் அளவு கேட்டு என்ன பயன்?

மேற்பார்வையாளர்

மேற்பார்வையாளர் வழிகாட்டுபவரே தவிர, எழுதித் தருபவரல்லர். "எப்படிப் போகிறது?" என்று அவரே கேட்பார் எனக் காத்திருப்போர் மாதங்களை இழக்கின்றனர். சந்திக்கப் போகுமுன் இரண்டு மூன்று கேள்விகளை எழுதிச் செல்லுங்கள். அவர் சொன்னதை அன்றே குறித்து, ஒரு பிரதியை அவருக்கும் அனுப்புங்கள். முழு நூலையும் ஒரே தடவையில் கொடுக்காமல், ஒவ்வொரு அத்தியாயமாகக் கொடுங்கள்.

சம்மதம் ஓர் அமானிதம்

ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி கிடைக்குமுன் ஒரு தாயிடமும் தகவல் பெறலாகாது. இது வெறும் கடதாசி வேலையன்று. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுற்ற 399 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைக் கூறாமல் அவர்களை அவதானித்து வந்தனர். பெனிசிலின் எனும் மருந்து வந்த பின்னரும் அதைக் கொடுக்கவில்லை. ஆய்வில் மனிதரைக் காக்கும் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இலேயே வெளிவந்திருந்தும் அந்த அநீதி தொடர்ந்தது.

சகோதரிகளே! கிளினிக்கில் உங்களிடம் இத்தகைய படிவம் நீட்டப்பட்டால், ஆய்வு எதற்காக, என் பெயர் வெளிவருமா, மறுத்தால் சிகிச்சை பாதிக்கப்படுமா என்று தயங்காமல் கேளுங்கள். மறுக்கவும், இடையில் விலகவும் உங்களுக்கு உரிமையுண்டு. உங்கள் மொழியில் பதில் தருவது ஆய்வாளரின் கடமை.

வீட்டார் செய்யக்கூடியது

அனுமதிக்காகக் காத்திருக்கும் வாரங்களில் அறிமுகத்தையும் ஆய்வு முறையையும் எழுதிவிடலாம். எதிர்பார்த்த முடிவு வராவிட்டாலும் கவலை வேண்டாம். நேர்மையாகச் செய்த ஆய்வில் "தொடர்பில்லை" என்பதும் ஒரு விடைதான். வாய்மொழிப் பரீட்சையில், இதை ஏன் இப்படிச் செய்தீர் என்றே பெரும்பாலும் கேட்பார்கள்.

மேசையருகே இருந்து எழுதும் பெண்ணைப் பார்த்து, "சும்மாதானே இருக்கிறாள்" என்று எண்ணுவோர் உண்டு. அவள் வைத்தியசாலைக் கடமை முடிந்து வந்து, பிள்ளைகள் உறங்கிய பின்னரே பேனாவை எடுக்கிறாள். வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகளில் கணவரோ மாமியாரோ அடுப்பையும் பிள்ளைகளையும் பொறுப்பேற்றால், அலுமாரியில் கிடக்கும் ஆய்வேடு வெளியே வரும்.