இரும்புக்கை மாயாவி ஹீரோவா, வில்லனா? படமாக்குவதில் என்ன சிக்கல்?

இயக்குநர் லோகேஷ் கனகராஜின் கனவுப் படம் என்று பல வருஷமாகப் பேசப்படுவது 'இரும்புக்கை மாயாவி'. ஹீரோவாக நடிகர் சூர்யாவின் பெயரும் அடிபட்டது. அப்படி என்ன இருக்கு இந்த மாயாவிகிட்ட?

யார் இவர்?

நம்ம ஊர் ஆள் மாதிரி தெரிந்தாலும் பிறந்தது இங்கிலாந்தில். 1962-ல் 'வேலியன்ட்' வார இதழில் 'தி ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் அறிமுகமானார். வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1972-ல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ், தன் முதல் இதழாகவே இவரைத் தமிழுக்குக் கொண்டு வந்தது.

என்ன சக்தி?

ஆய்வக உதவியாளர் லூயிஸ் கிராண்டெலுக்கு விபத்தில் வலது கை போய்விடுகிறது. இரும்புக் கை பொருத்துகிறார்கள். இன்னொரு விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய, ஆளே மறைந்துபோகிறார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்! கொஞ்ச நேரத்தில் உருவம் திரும்பிடும். மறுபடி மறையணும்னா மறுபடி ஷாக் வாங்கணும்.

'டார்க்' எங்கே?

சக்தி கிடைத்ததும் அவர் ஊரைக் காப்பாற்றக் கிளம்பவில்லை, குற்றவாளி ஆகிறார். யாரும் பார்க்கலைன்னா மனுஷன் என்னவெல்லாம் செய்வான் என்பதுதான் கதையின் தொடக்கம். திருந்தி, 'நிழல் படை' என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆவதெல்லாம் பிறகுதான்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-ல் எடுத்த 'வல்லவன் ஒருவன்' படத்தில் ஜெய்சங்கர் துப்பறியும் அதிகாரி. ஆரம்பம் முதலே சட்டத்தின் பக்கம். மாயாவி அப்படி இல்லை.

ஹாலிவுட்டில்?

சூப்பர் ஹீரோ நல்லவராகத்தான் இருக்கணுமா என்று கேட்ட கிராஃபிக் நாவல் 'வாட்ச்மென்'. 1986-87-ல் வெளியாகி, 2009-ல் ஜாக் ஸ்னைடர் இயக்கத்தில் படமானது. அதை எழுதிய ஆலன் மூர் கதைக்கரு தந்த 'ஆல்பியன்' காமிக்ஸில் நம்ம மாயாவியும் வருகிறார்.

சிக்கல் என்ன?

முதலாவது, உரிமை. தமிழ்ப் பெயர் நமக்குப் பழக்கம்தான். ஆனால் கதாபாத்திரம் இப்போது இங்கிலாந்தின் ரெபெலியன் நிறுவனத்திடம் இருக்கிறது. 2018-ல் பழைய காமிக்ஸ் தொகுப்பை வாங்கியபோது மாயாவியும் அதோடு வந்தார். அவரைப் படமாக்க அனுமதி அவசியம்.

இரண்டாவது, கதை. மாஸ் ஹீரோ நடித்தால் அந்தக் குற்றவாளிப் பகுதிக்குத்தான் முதலில் கத்தரி விழும். அது போய்விட்டால் மிஞ்சுவது, மறையத் தெரிந்த இன்னொரு உளவாளி மட்டுமே. மாயாவி திருந்தியதற்கு மதிப்பு வருவதே, அவர் முதலில் தவறியதால்தான்.