மருந்து வீட்டருகே வந்தால் போதுமா?

பிணிக்கு மருந்து காண்பது ஒரு வெற்றி. அம்மருந்தை நோயாளி நாள் தவறாது உட்கொள்ளச் செய்வது அதனினும் அரிய வெற்றி. எச்.ஐ.வி. நோயில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகிறது.

இக்கிருமி, நோய்களை எதிர்த்து நிற்கும் இரத்த வெள்ளணுக்களை அழிப்பது. நாள்தோறும் மாத்திரை உட்கொண்டால் அது பெருகாது அடங்கிக் கிடக்கும். பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்து அவ்வாறே நீடித்தால், உடலுறவின் வழியே பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. மருந்தை நிறுத்தினாலோ கிருமி மீண்டும் பெருகும். விட்டு விட்டு உண்டால் மருந்துக்கு மசியாத கிருமியும் தோன்றக்கூடும்.

மலேசியாவில் இந்நோய் முதன்முதல் 1986-இல் கண்டறியப்பட்டது. 2006 முதல் முதல்நிலை மருந்துகளை அரசாங்கம் இலவசமாக வழங்கி வருகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளோடு நில்லாமல், குடும்ப மருத்துவ நிபுணர் உள்ள சுகாதாரக் கிளினிக்குகளிலும் சிகிச்சை உண்டு.

அப்படியிருந்தும் சிலர் பாதியில் நின்றுவிடுவது ஏன்? ஜாசின் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். மலாக்கா பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். பஸ் செலவு வேறு. கிளினிக் அருகில் இருந்தாலோ அச்சம் வேறு விதம்: லயத்து அண்டை வீட்டார் வரிசையில் கண்டுவிட்டால், பொழுது சாய்வதற்குள் தோட்டமெங்கும் பேச்சாகிவிடும். தூரம் குறைந்தால் செலவு குறைகிறது, மறைவும் குறைகிறது. உடம்பு தேறியதும், "இனி மருந்து எதற்கு?" என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

இச்சிக்கல் புதிதன்று. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி, வீட்டிலிருந்தே மருந்துண்பதும் சானடோரியச் சிகிச்சைக்கு ஏறக்குறைய நிகரான பலன் தரும் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. ஆனால் வீட்டுக்குச் சென்ற மருந்து வயிற்றுக்குச் சென்றதா என்பதை அறிய, சிறுநீரைச் சோதிக்கவும் மாத்திரைகளை எண்ணிப் பார்க்கவும் வேண்டியிருந்தது!

காசநோய் மருந்துக்கு முடிவு உண்டு, எச்.ஐ.வி. மருந்தோ ஆயுள் முழுதும் வேண்டும். ஆயுள் முழுதும் ஒருவரைக் காவல் காக்க இயலுமா? நம்பிக்கை ஒன்றே வழி. அண்மையிலோ அயலூரிலோ, கிளினிக்கை நோயாளியே தேர்ந்துகொள்ளட்டும். நோய் கட்டுப்பட்டவர் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது. அதனால் இழக்கும் வேலை நாள்கள் குறையும். தவணை தவறி வந்தவரை, "ஏன் வரவில்லை?" என்று அதட்டாமல், "என்ன தடை நேர்ந்தது?" என்று கேட்பதே முறை. ஏச்சுக்கு அஞ்சியவர் மறுமுறை வாரார்.

டாக்டரின் கடமை அவ்வளவு. நம் கடமை இன்னும் எளிது: கிளினிக் வாசலில் எவரையேனும் கண்டால், வீடு திரும்பி வாய் திறவாதிருப்பது. அந்த மௌனமும் ஒரு மருந்தே.